வாசல்வரை வந்த தண்ணீர்

கோர்ட்டில் பேசுகிறவர்கள் யாரும் தங்களுக்காகப் பேசுவதில்லை. வக்கீல் வாயைத் திறந்தால் ‘என் கட்சிக்காரர்’ என்பார். அரசு வக்கீல் ஊரையே தோளில் தூக்கி வந்தவர் மாதிரி ‘அரசுத் தரப்பில்’ என்று ஆரம்பிப்பார். நீதிபதிக்குத் தலைவலி வந்தாலும் ‘இந்த நீதிமன்றம்’ என்றுதான் முனகுவாரோ என்னவோ. பெஞ்ச் கிளார்க் அடுத்த வாய்தா தேதியைத் தவிர வேறு எதையும் சொல்லிக் கேட்டவர் கிடையாது. இத்தனை பேருக்கும் நடுவில், மேடைக்குக் கீழே இடது பக்கம், ஒரு கால் ஆடும் மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்க ‘நான், நான்’ என்று அடித்துக்கொண்டிருந்தது டைப்பிஸ்ட் அம்மா ஒருத்திதான். அதில் ஒரு ‘நான்’கூட அவளுடையது இல்லை.

அந்த வேலையின் முறை அப்படி. சாட்சி கூண்டில் நின்று திக்கித் திணறுவார். “ஆளைத் தெரியுமா?” என்று வக்கீல் கேட்பார். “தெரியுங்க” என்பார் சாட்சி. “எத்தனை நாளா?” “அது ஆச்சு, அஞ்சாறு வருஷம்.” இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்ட நீதிபதி, கீழே குனிந்து, ‘நான் அவரை ஐந்தாறு வருடங்களாக அறிவேன்’ என்று கோவையாகச் சொல்வார். அவள் அடிப்பாள். சாயங்காலம் அச்செடுத்த தாளை பெஞ்ச் கிளார்க் சாட்சிக்குப் படித்துக் காட்டுவார். படிப்பது என்றால் சும்மா இல்லை, மூச்சு விடாமல் ஓட்டம். சாட்சி மிரண்டுபோய்க் கையெழுத்துப் போடுவார். ‘படித்துக் காட்டப்பட்டது, சரி’ என்று அடியில் ஒரு வரி இருக்கும். அதோடு முடிந்தது.

இப்படியே இருபத்தாறு வருடம். அந்த இருபத்தாறு வருடத்தில் அவள் விதவையாக இருந்திருக்கிறாள், லாரி ஓட்டியிருக்கிறாள், பிணப் பரிசோதனை செய்திருக்கிறாள், மூன்று தடவை தன் சொந்தத் தம்பியைக் கத்தியால் குத்தியிருக்கிறாள். எல்லாம் விரல் நுனியில். ஒரு மெமோ வாங்கியதில்லை. புதிதாக வந்த வக்கீல்கள் நகலில் பிழை தேடி அலுத்துப்போய், கடைசியில் அவளையே கூப்பிட்டு எழுத்துப்பிழை பார்க்கச் சொல்வார்கள்.

அவள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அமீனா. கோர்ட்டு நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வருவதும்தான் அவர் ஆயுசு முழுக்கப் பார்த்த உத்தியோகம். நாய்க்கடி வாங்கியது நான்கு தடவை. அதனால் கோர்ட்டு உத்தியோகங்களை எடை போட்டுப் பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்பது அவர் கட்சி. காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார். வக்கீலுக்கு வாய் போதும், கால் வேண்டாம். அமீனாவுக்குக் கால் போதும், வாய் வேண்டாம். ஜட்ஜுக்குக் காது வேண்டும், ஆனால் பாதிப் பேருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதுவும் வேலை செய்யாது. டைப்பிஸ்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

அந்த வழக்கு சின்ன வழக்குத்தான். ஆனால் ஓர் உயிர் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் மூதாட்டியைக் கவனித்துக்கொண்ட ஆயா, இருபத்தெட்டு வயதுப் பெண், அந்த மூதாட்டியை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றுவிட்டாள் என்று வழக்கு. முந்தின நாள் இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை நடந்ததைத் தெருவே கேட்டிருந்தது. ஏழு மாதமாகப் பெண்கள் சிறையில் இருந்தாள் அந்த ஆயா. கேட்பதற்கு நாதியில்லை. கோர்ட்டே பார்த்து ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்திருந்தது.

முக்கியமான சாட்சி, எதிர் வீட்டு மாடியில் தையல் கடை வைத்திருந்த டெய்லர். அவர் வந்து நின்றார். சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததாகவும், மூதாட்டி படிக்குக் கீழே கிடந்ததாகவும், ஆயா படியின் மேலே நின்றிருந்ததாகவும் சொன்னார். சொல்லும்போது சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார். குறுக்கு விசாரணையில் அந்த இளம் வக்கீல் என்னவோ முட்டி மோதிப் பார்த்தார், டெய்லர் அசையவில்லை. ஆயா கூண்டுக்கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை. யாரையோ தேடுகிறவள் மாதிரி ஹால் முழுக்கக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

டைப்பிஸ்ட் அம்மா எப்போதும் போல அடித்தாள். அன்றைக்கு ஒன்று மட்டும் வித்தியாசம். அச்செடுத்த தாளின் கீழ்ப்பக்கம் லேசாக ஈரமாக இருந்தது. பெஞ்ச் கிளார்க் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மேலே எங்கேயோ ஒழுகுகிறது என்று பொதுப்பணிக்காரர்களைத் திட்டினார். ஈரத் தாளைத் தூக்கிப் பிடித்து வழக்கமான வேகத்தில் படித்தார். டெய்லர் கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாள் கழித்து இளம் வக்கீல் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி முதல் படிக்க அனுமதி கேட்டார். படித்தார்.

‘மூதாட்டி விழுந்தபோது அந்தப் பெண் மாடியில் இல்லை. கீழே குழாயடியில் வாளி பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக் குழாயை மூடாமலே ஓடினாள். தண்ணீர் வாசல்வரை வந்தது.’

அரசு வக்கீல் தன் நகலைப் புரட்டினார். அதிலும் இருந்தது. நீதிபதி மூலத்தை வாங்கிப் பார்த்தார். இருந்தது, அடியில் டெய்லரின் கையெழுத்தோடு. இப்படி ஒரு கேள்வியைத் தான் கேட்கவில்லை என்றார் அரசு வக்கீல். கேட்கத் தனக்கும் தோன்றவில்லை என்று ஒத்துக்கொண்டார் இளம் வக்கீல், பாவம், நேர்மையானவர். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கீழே குனிந்தார்.

“அம்மா, இதை நான் சொல்லலையே?”

இருபத்தாறு வருடத்தில் நீதிபதி ஆசனத்திலிருந்து அவளிடம் ஒரு கேள்வி வந்தது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து நின்றாள். இல்லை ஐயா என்றாள். அந்த வரிகளை அடித்த ஞாபகமே அவளுக்கு இல்லை. நீதிபதி கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். நாளைக் காலை எழுத்து மூலம் விளக்கம் வேண்டும், டெய்லரையும் மறுபடி கூப்பிடுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு எழுந்து போனார்.

அவள் உட்காரும்போது செருப்புக்கு அடியில் தரை சளசளத்தது. அவள் மேஜையைச் சுற்றி மட்டும் ஈரம். குழாய்க்காரர் வந்து பார்த்தார். இந்தச் சுவரில் குழாயே கிடையாது, மேலேயும் பதிவேட்டு அறைதான், அங்கே பொட்டுத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அமீனா முதலில் சிரித்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“இதோ பாரும்மா. வக்கீல் தப்பு பண்ணினா அப்பீல் இருக்கு. ஜட்ஜ் தப்பு பண்ணினா மேல்கோர்ட்டு இருக்கு. நான் தப்பான கதவுல ஒட்டிட்டு வந்தா மறுபடி போய் ஒட்டுவேன். டைப்பிஸ்ட் தப்பு பண்ணினா அப்படி இல்லே. அது நடந்ததா ஆயிடும். அதனால யோசிக்காதே. கவனக்குறைவால வேற வழக்கோட வரி இதுல சேர்ந்துடுச்சுன்னு எழுதிக் கொடு. அந்த நாலு வரியை அடிச்சு நீக்கிடுவாங்க. உனக்கு ஒரு மெமோ, அவ்வளவுதான்.”

வேறு வழக்கின் வரி. அவர் போகிற போக்கில்தான் சொன்னார். வேறு வழக்கின் வரிதான் அது. எந்த வழக்கு என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. அவர்கள் வீட்டில் அப்பாவின் அக்கா இருந்தாள், அம்மாவின் தங்கையும் இருந்தாள். அத்தைக்கும் சித்திக்கும் ஒத்துவராது. ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தவள், பையை மாடிப்படியின் நடுவில் போட்டுவிட்டு மேலே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அத்தை இறங்கினாள். பையில் கால் தடுக்கியது. மாடிக் கைப்பிடிக்குப் பின்னால் நின்று அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். கீழே குழாயடியில் இருந்த சித்தி வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். யாரும் குழாயை மூடவில்லை. ஆட்கள் கூடி, போலீஸ் வந்து, தூக்கிக்கொண்டு போகும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வாசல்வரை வந்தது.

பையை எடுத்து ஒளித்து வைத்தது அப்பா. “கேட்டா தூங்கிட்டு இருந்தேன்னு சொல்லு” என்றார். சின்னப் பெண்ணைக் கோர்ட்டுக்கும் பேச்சுக்கும் இழுக்க வேண்டாம் என்றுதான் அப்படிச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. சித்தி மேல் வழக்கு விழும் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. விழுந்த பிறகு, சொன்னதை மாற்றிச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. கோர்ட்டில் அவளை ஒரு பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்தார்கள். தூங்கிவிட்டேன் என்றாள். கீழே யாரோ அதைப் படபடவென்று அடித்தார்கள். சித்தி கூண்டிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திக்கு எல்லாம் தெரியும். பையையும் அவள் பார்த்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. சிறைக்குப் போன மூன்றாம் வருடம் காய்ச்சலில் செத்துப்போனாள்.

இதைக் கட்டின புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அவர் நோட்டீஸ் மொழியில் கைதேர்ந்தவர், விளக்கம் ஜம்மென்று வந்தது. ‘கவனக்குறைவால் நேர்ந்த தட்டச்சுப் பிழை.’ கையெழுத்துப் போட்டாள். தனக்காக எழுதிய முதல் வாக்குமூலமே பொய்யாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. ஆனால் பயம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை பெஞ்ச் கிளார்க் விளக்கத்தை வாங்கி, எண் போட்டு, வழக்குக் கட்டில் கோத்தார். இனி அந்த நான்கு வரிகள் நீக்கப்படும். ஆயா சிறையிலேயே கிடப்பாள். அடித்த கையே அடித்ததை மறுத்தாயிற்று. டைப்பிஸ்ட் அம்மா தலையைத் தூக்காமல் விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டெய்லர் கூண்டில் ஏறினார். வரிகளை நீக்குவதற்கு முன் சாட்சிக்குக் காட்டியாக வேண்டும் என்பது முறை. நீதிபதி அவற்றை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பெஞ்ச் கிளார்க் படிப்பது மாதிரி இல்லை. முதல் தடவையாக டெய்லர் அதைக் காதால் கேட்டார். பொத்தானைத் திருகிய கை நின்றது. இதைத் தாங்கள் சொன்னீர்களா என்று நீதிபதி கேட்டார்.

“சொல்லலைங்க” என்றார் டெய்லர். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. “ஆனா அதுதாங்க நடந்துச்சு.”

அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

டெய்லர் தொடர்ந்தார். அந்த மூதாட்டியின் மகன்தான் அவர் கடை இருந்த கட்டிடத்துக்குச் சொந்தக்காரர். இப்படிச் சொல்லு, இல்லையென்றால் கடையைக் காலி பண்ணு என்று சொல்லியிருந்தார். மூதாட்டி தானாகத்தான் புடவை தடுக்கி விழுந்தாள். ஆயா குழாயடியில் இருந்தாள். இதைத் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்றார். சொல்லிவிட்டு, நீதிபதியை விட்டுவிட்டு, கீழே இடது பக்கம் திரும்பினார்.

“தண்ணி வாசல் வரைக்கும் வந்தது என் கடை ஜன்னல்லேருந்துதாங்க தெரியும். வேற யாருமே பார்க்கலே. இந்த அம்மாவுக்கு யாரு சொன்னா?”

அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, கிலி. அவளுக்கும் அதே கிலிதான். நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘நான் முன்பு அச்சத்தின் காரணமாக உண்மையை மறைத்தேன்’ என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் அடித்தாள். அந்த வரியை அடிக்கும்போது அவளுக்குக் கண்ணை மறைத்தது.

அன்றே ஆயாவுக்கு ஜாமீன் கிடைத்தது. பதினைந்து நாளில் தீர்ப்பு. விடுதலை. அந்தத் தீர்ப்பையும் நீதிபதி சொல்லச் சொல்ல அடித்தது அவள்தான். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. சம்பந்தப்பட்ட வரிகள் எவ்வாறு பதிவாயின என்பதற்குத் தட்டச்சர் தமது கவனக்குறைவே காரணம் என விளக்கம் அளித்துள்ளார், அதை இந்த நீதிமன்றம் ஏற்கிறது. தன் பொய்யைத் தன் கையாலேயே, கோர்ட்டு முத்திரையோடு, மூன்று நகல் எடுத்து வைத்தாள். தரையில் ஈரம் அன்றைக்கும் இருந்தது. துடைக்கத் துடைக்க ஊறியது. காலடியில் பழைய கோணிச்சாக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

மத்தியான இடைவேளையில் ஹால் காலியானதும் ஆயா அவள் மேஜைக்கு வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். என்னவோ சொல்லத் தயங்கினாள். டைப்பிஸ்ட் அம்மா, அது தட்டச்சுப் பிழைதான் என்று கடிதத்தில் இருந்ததையே திருப்பிச் சொன்னாள்.

ஆயா தலையை ஆட்டினாள். “அப்படி இல்லைங்க. உள்ளே எனக்குப் பக்கத்துப் பாய்ல ஒரு அக்கா இருந்தாங்க. முப்பது, முப்பத்தொண்ணு வயசு இருக்கும். எப்பப் பார்த்தாலும் குழாயடியிலேயே நிப்பாங்க. நான் அழும்போதெல்லாம், ‘அழாதே, என் அக்கா பொண்ணு கோர்ட்டுலதான் இருக்கா, மேடைக்குக் கீழே இடது பக்கம் உட்கார்ந்திருப்பா, இந்தத் தடவை சொல்லிடுவா’ன்னு சொல்லுவாங்க.”

அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று சொன்னாள் என்று டைப்பிஸ்ட் அம்மா கேட்டாள்.

“பதினோரு வயசுன்னு சொன்னாங்க. அதான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சின்னப் பொண்ணு யாராவது இருக்காளான்னு தேடிட்டே இருந்தேன். இடது பக்கம் நீங்கதான் இருந்தீங்க.”

அந்த அக்கா இப்போது எங்கே என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஜாமீனில் வெளியே வந்த அன்று சொல்லிக்கொண்டு போகலாம் என்று தேடியதாகவும், ஆளைக் காணோம் என்றும், பக்கத்துப் பாயில் யாருமே இருந்ததில்லை என்று வார்டர் அம்மா சத்தம் போட்டதாகவும் ஆயா சொன்னாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“இன்னொண்ணு சொல்லச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியலே. ‘பையைப் பத்தி மட்டும் சொல்ல வேண்டாம்னு அவகிட்ட சொல்லிடு, குழந்தை பயந்துடும்’னு சொன்னாங்க.”

ஆயா போய்விட்டாள். பெஞ்ச் கிளார்க் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது டைப்பிஸ்ட் அம்மா அவரிடம் போய், தன் விளக்கக் கடிதத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டாள். அவர் சிரித்தார். எண் போட்டு வழக்குக் கட்டில் ஏறியதை இனி பிரம்மா வந்தாலும் உருவ முடியாது, வேண்டுமானால் புதிதாக ஒன்று கொடுங்கள், அதையும் கோத்து வைக்கிறேன் என்றார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். புதுத் தாள் திறந்தாள். மேடை காலி, கூண்டு காலி. சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் பத்தாயிரம் ‘நான்’ அடித்த விரல்கள் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டன. நாற்பது வருடம் கழித்து, செத்த பிறகும், அக்கா பெண்ணைப் பாதுகாத்துக்கொண்டு குழாயடியில் நிற்கிற சித்தியை நினைத்து அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீதிபதி ஐயாவின் தோரணையில் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொண்டே அடித்தாள்.

‘எனக்கு அப்போது வயது பதினொன்று. நான் தூங்கவில்லை. மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் சித்தி கீழே குழாயடியில் இருந்தாள். படியில் கிடந்த பை என்னுடையது.’

அச்செடுத்தாள். தாளைத் தூக்கிப் பிடித்து, காலி ஹாலில், ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டு, பெஞ்ச் கிளார்க் மேஜையில் வைத்தாள். திரும்பி வந்து காலடிச் சாக்கை எடுத்து உதறினாள். தரை காய்ந்திருந்தது.